மரபணு சிகிச்சையால் நோயெதிர்ப்பைத் தூண்டிப் புற்றுநோயை வெல்ல முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் உறவினர்களிடமிருந்து செய்திகள் குவியத் தொடங்குகின்றன. கருஞ்சீரகம், முள்சீத்தா வரிசையில் இப்போது ‘மரபணு சிகிச்சை’யும் சேர்ந்துவிட்டது. முன்னவை இரண்டையும் தயங்காமல் ஒதுக்கலாம். மூன்றாவதை அப்படி ஒதுக்க முடியாது. சில புற்றுநோய்களில் அது சாகும் நிலையில் இருந்தவர்களை மீட்டிருக்கிறது. பல புற்றுநோய்களில் இன்னும் எதுவும் செய்யவில்லை. எது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பக்கம்.

மரபணு சிகிச்சை என்றால் புற்றுநோய் செல்லுக்குள் பழுதான மரபணுவைச் சரிசெய்வதுதானே?

தொடக்கத்தில் அந்த வழியில்தான் போனார்கள். சீனா 2003-இல் அனுமதித்த மருந்து ஒன்று, செல் புற்றுநோயாக மாறாமல் தடுக்கும் பி53 என்ற மரபணுவை அடினோ வைரஸில் ஏற்றிக் கட்டிக்குள் செலுத்துவது. ஆனால் ஒரு சிறு கட்டியிலேயே கோடிக்கணக்கான செல்கள் இருக்கும். அத்தனைக்குள்ளும் மரபணுவைக் கொண்டுசேர்க்க எந்த ஊசியாலும் முடியாது. தப்பிய செல்கள் மறுபடி பெருகும்.

அதனால் பலர் குறியை மாற்றிக்கொண்டார்கள். புற்றுநோய் செல்லைத் திருத்துவதற்குப் பதிலாக, அதைத் தேடிக் கொல்லும் வேலையை உடலின் நோயெதிர்ப்பு மண்டலத்திடம் விடுவது. அந்த மண்டலத்தைத் தூண்ட மட்டும் மரபணுவைப் பயன்படுத்துவது. இதில் எல்லாச் செல்லையும் நாம் தொட வேண்டியதில்லை. தூண்டப்பட்ட நோயெதிர்ப்புச் செல்கள் தாமே பெருகும், தாமே உடல் முழுக்கச் சுற்றும். இந்தப் பக்கம் பேசுவது இந்த வகையைப் பற்றித்தான்.

நோயெதிர்ப்பு மண்டலம் தானாகவே புற்றுநோயை அழிக்காதா?

அழிக்கிறது. நமக்குத் தெரியாமலே பல முறை அழித்திருக்கும். நோயாக வெளியே தெரிவது அதனிடமிருந்து தப்பிக்கக் கற்றுக்கொண்ட செல்களின் கூட்டம்.

தப்பிக்கும் வழிகளில் முக்கியமான ஒன்று இது. டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள் மற்றச் செல்களின் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களின் துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் காட்டும். டி செல் அதைச் சோதித்துவிட்டுப் போகும். பல புற்றுநோய் செல்கள் காட்டுவதையே நிறுத்திவிடுகின்றன. இன்னும் சில, டி செல்லை அடக்கும் புரதங்களைத் தம் மேல் வளர்த்துக்கொள்கின்றன. பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி ஊசிகள் அந்த அடக்குமுறையை நீக்குபவை. அவை மரபணு சிகிச்சை அல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கார்-டி சிகிச்சை என்கிறார்களே, அது என்ன?

இந்தத் துறையின் பெரிய வெற்றி இதுதான். நோயாளியின் டி செல்களையே வெளியே எடுத்து, அவற்றுக்குள் ஒரு செயற்கை மரபணுவைப் புகுத்தித் திரும்பச் செலுத்துவது. அந்த மரபணுவின் கட்டளைப்படி டி செல்லின் மேல் புதிய ஏற்பி ஒன்று முளைக்கும். அதன் வெளிமுனை, நோயெதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடியைப் போலக் குறிப்பிட்ட புரதத்தை நேரடியாகப் பற்றும். உள்முனை, பற்றிய உடனே ‘கொல்’ என்ற சமிக்ஞையைச் செல்லுக்குள் அனுப்பும். புற்றுநோய் செல் துணுக்குகளைக் காட்டினால் என்ன, காட்டாவிட்டால் என்ன, இந்த ஏற்பிக்குக் கவலை இல்லை. இந்த யோசனையை 1989-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த செலிக் எஷ்ஹர் தன் குழுவுடன் செய்து காட்டினார். அது மருத்துவமனைக்கு வந்துசேர இருபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் நடப்பது இதுதான். முதல் நாள், ரத்தத்தை ஓர் இயந்திரத்தின் வழியே சில மணி நேரம் சுற்றவிட்டு வெள்ளணுக்களை மட்டும் பிரித்தெடுப்பார்கள். அவை ஆய்வகத்துக்குப் போகும். அங்கே, பெருகும் திறன் நீக்கப்பட்ட லென்டி வைரஸ் புதிய மரபணுவை டி செல்களுக்குள் கொண்டுசேர்க்கும். பிறகு செல்களைக் கோடிக்கணக்கில் பெருக்கி, தரம் சோதித்து, உறைய வைத்து அனுப்புவார்கள். இதற்குப் பொதுவாக மூன்று நான்கு வாரம். அந்த இடைவெளியில் நோய் முற்றிவிடாமல் பார்த்துக்கொள்வது மருத்துவருக்குப் பெரிய தலைவலி. செல்கள் வந்ததும், உடலில் அவற்றுக்கு இடம் உண்டாக்க மூன்று நாள் மிதமான கீமோ. அதன்பின் அந்தச் சிறிய பையை நரம்பில் ஏற்றுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. இத்தனை ஏற்பாட்டுக்கும் முடிவில் இவ்வளவுதானா என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையான ஆட்டம் அதற்குப் பிறகுதான்.

இது நிஜமாகவே பலன் தருகிறதா, அல்லது செய்தித்தாள் பரபரப்பா?

எமிலி வைட்ஹெட் என்ற அமெரிக்கச் சிறுமியின் கதையைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அவளுக்கு லிம்போபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்றுநோய். கீமோவுக்குப் பின் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. 2012 ஏப்ரலில், ஆறு வயதில், பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் கார்-டி செல்களைப் பெற்றாள். இந்தச் சிகிச்சையைப் பெற்ற முதல் குழந்தை அவள்.

சில நாளில் கடும் காய்ச்சல், ரத்த அழுத்தம் சரிவு, வென்டிலேட்டர். பிழைக்கமாட்டாள் என்ற நிலை. ரத்தப் பரிசோதனையில் இன்டர்லூகின்-6 என்ற புரதம் தாறுமாறாக ஏறியிருந்தது. செல்களை உருவாக்கிய பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கார்ல் ஜூனுக்கு, தன் மகளின் மூட்டுவாத நோய் காரணமாக டோசிலிசுமாப் என்ற மருந்து தெரிந்திருந்தது. இன்டர்லூகின்-6-ஐத் தடுக்கும் மருந்து அது. புற்றுநோய்க்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கொடுத்துப் பார்த்தார்கள், காய்ச்சல் இறங்கியது. சில வாரத்தில் எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் இல்லை. பத்தாண்டு கடந்தும் அவளுக்கு நோய் திரும்பவில்லை. அந்தக் குழந்தை அன்று இறந்திருந்தால் இந்தத் துறையே பல ஆண்டு பின்தங்கியிருக்கும் என்பது என் கருத்து.

ஒருவர் கதை சான்றாகாது, சரிதான். அடுத்து 75 குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் நடந்த ஆய்வில், மூன்று மாதத்துக்குள் 81 சதவீதத்தினரிடம் நோயின் சுவடு மறைந்தது. அத்தனை பேருமே மற்ற சிகிச்சைகள் கைவிட்டவர்கள். 2017 ஆகஸ்டில் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது.

அப்படியானால் நிரந்தரக் குணம்தானே?

சிலருக்கு ஆம். எல்லாருக்கும் அல்ல. மேலே சொன்ன அதே ஆய்வில், ஓராண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் சுமார் பாதிப் பேர்தான். 81 என்ற எண்ணைச் சொல்லிவிட்டு இந்தப் பாதியைச் சொல்லாமல் விடும் கட்டுரைகளை நம்பாதீர்கள்.

நோய் திரும்புவதற்கு இரண்டு காரணம். கார்-டி செல்கள் சீக்கிரமே மறைந்துவிடலாம். அல்லது, அவை பற்றிக்கொள்ளும் சிடி19 என்ற புரதத்தைப் புற்றுநோய் செல்கள் உதறிவிடலாம். அதனால்தான் சில மருத்துவர்கள், நோய் அடங்கியிருக்கும் அந்த வேளையிலேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையையும் செய்துவிடச் சொல்கிறார்கள்.

பக்கவிளைவுகள் எப்படி இருக்கும்?

கீமோவின் பக்கவிளைவுகளைப் போல இருக்காது. இங்கே தொல்லை வருவதே மருந்து வேலை செய்வதால்தான். டி செல்கள் பெருகிக் கொல்லும்போது சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்கள் ரத்தத்தில் கொட்டும். முதல் ஓரிரு வாரத்தில் காய்ச்சல், நடுக்கம், அழுத்தம் குறைதல், மூச்சுத் திணறல். பலருக்கு லேசாகப் போய்விடும். சிலருக்கு ஐசியூ வரை போகும். எமிலிக்குக் கொடுத்த அதே மருந்தும் ஸ்டீராய்டும் இன்று எல்லா மையங்களிலும் தயாராக வைத்திருக்கப்படுகின்றன.

இன்னொன்று மூளையைப் பாதிப்பது. பேச்சு தடுமாறும், குழப்பம் வரும், அபூர்வமாக வலிப்பும் வரும். இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த ஸ்கேன் எதுவும் முதலில் தேவைப்படுவதில்லை. செவிலியர் தினமும் படுக்கையருகே வந்து கேட்பார்: இது எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த ஊர், எந்த மருத்துவமனை? பேனா, கடிகாரம் என்று மூன்று பொருளைக் காட்டிப் பெயர் கேட்பார். ஒரு கட்டளை கொடுத்துச் செய்யச் சொல்வார். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துச் சொல்லச் சொல்வார். கடைசியாக ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார். மொத்தம் பத்து மதிப்பெண். நேற்று குண்டுகுண்டாக இருந்த எழுத்து இன்று கோணல்மாணலாகிவிட்டால், நோயாளி நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவர் உஷாராகிவிடுவார். கூட இருப்பவர்கள் பொறுமையிழந்து “இதையெல்லாம் ஏன் தினமும் கேட்கிறீர்கள்” என்று சலித்துக்கொள்வதுண்டு. சலித்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு வருவது நீண்டகாலத் தொல்லை. சிடி19 புரதம், ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளணுக்களான ஆரோக்கியமான பி செல்களிலும் உண்டு. அவையும் சேர்ந்து அழிவதால் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், தொற்று எளிதாக வரும். இம்யூனோகுளோபுலின், அதாவது தயார்நிலை ஆன்டிபாடிகள், ஏற்ற வேண்டியிருக்கும்.

என் அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் கட்டம். கார்-டி கொடுக்கலாமா?

இன்று அதற்கென அனுமதிக்கப்பட்ட கார்-டி சிகிச்சை இல்லை. மார்பகம், குடல், வயிறு, கர்ப்பப்பை வாய், வாய்ப் புற்றுநோய் எல்லாவற்றுக்கும் இதே பதில். இதைச் சொல்வது எனக்கும் உவப்பாக இல்லை. ஆனால் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தேவையான தகவல் இதுதான். அப்பாவின் பயாப்ஸியில் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே, பிடி-எல்1 பரிசோதனைகள் நடந்தனவா என்று கேளுங்கள். அவற்றின் முடிவைப் பொறுத்து மாத்திரையோ இம்யூனோதெரபியோ கிடைக்கக்கூடும். அவை இன்றே கைக்கு எட்டுபவை.

ரத்தப் புற்றுநோயில் முடிவது கட்டிகளில் ஏன் முடியவில்லை?

ரத்தத்தில் இரையும் வேட்டையாடும் செல்லும் ஒரே இடத்தில் மிதக்கின்றன. கட்டிக்குள் டி செல் நுழையவே சிரமம். நுழைந்தாலும் அங்குள்ள சூழல் அதைச் சோர்வடையச் செய்துவிடும். கட்டியில் எல்லாச் செல்களும் ஒரே புரதத்தைக் காட்டுவதும் இல்லை.

ஆனால் ஆகப் பெரிய சிக்கல் குறி தேர்வு. பி செல்களை முழுவதுமாக இழந்தாலும் மனிதர் உயிர்வாழலாம். அதனால் சிடி19-ஐக் குறிவைக்கத் துணிந்தார்கள். நுரையீரலை இழந்து வாழ முடியாது. 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வறிக்கை ஒன்று இதைக் கொடூரமாகக் காட்டியது. பரவிய குடல் புற்றுநோய் நோயாளிக்கு, ஹெர்2 புரதத்தைக் குறிவைக்கும் கார்-டி செல்களை ஆயிரம் கோடி அளவில் செலுத்தினார்கள். பதினைந்து நிமிடத்தில் மூச்சுத் திணறல். ஐந்து நாளில் மரணம். நுரையீரல் செல்களில் அந்தப் புரதம் மிகக் குறைவாக இருந்தது. அந்தக் குறைவே போதுமானதாகிவிட்டது.

கதவு முழுவதும் மூடவில்லை. சைனோவியல் சார்கோமா என்ற அரிய புற்றுநோய்க்கு, மரபணு மாற்றிய டி செல் சிகிச்சை ஒன்றை அமெரிக்கா 2024 ஆகஸ்டில் அனுமதித்தது. செலுத்தப்பட்ட 44 பேரில் ஏறத்தாழ 43 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. குறிப்பிட்ட திசு வகையும் கட்டியில் குறிப்பிட்ட புரதமும் இருப்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

செல்களை வெளியே எடுக்காமல், ஊசியாக நேரடியாகக் கட்டியில் போட முடியாதா?

முடியும், இரண்டு மருந்துகளைப் பார்ப்போம். 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டி-வெக், உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸின் மாற்றப்பட்ட வடிவம். மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க் கட்டிக்குள் நேராகக் குத்தப்படும். நரம்பு செல்களைத் தாக்க உதவும் மரபணுவை நீக்கிவிட்டு, நோயெதிர்ப்புச் செல்களை அழைக்கும் ஒரு மனித மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். வைரஸ் புற்றுநோய் செல்லுக்குள் பெருகி அதை வெடிக்கச் செய்யும். சிதறும் துணுக்குகளை அழைக்கப்பட்டு வந்த செல்கள் அடையாளம் கண்டுகொள்ளும். முதல் ஊசி நீர்த்ததாக இருக்கும், மூன்று வாரம் கழித்து நூறு மடங்கு வலுவானது. 436 பேரிடம் நடந்த ஆய்வில் நீடித்த பலன் பெற்றவர்கள் 16 சதவீதம். ஒப்பீட்டுக் குழுவில் 2 சதவீதம். ஊசி போட்ட கட்டிகளில் நன்றாகவும், ஈரல் போன்ற உள்ளுறுப்புகளுக்குப் பரவியதில் குறைவாகவும் வேலை செய்கிறது.

மற்றது சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு, 2022 டிசம்பரில் வந்தது. பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவது) சிகிச்சைக்குக் கட்டுப்படாத, பையின் உள்சுவரைத் தாண்டாத நோய்க்கு மட்டும். நோயெதிர்ப்பைத் தூண்டும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தின் மரபணுவைச் சுமக்கும் அடினோ வைரஸ் திரவத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் வழியே பையை நிரப்பி, ஒரு மணி நேரம் வைத்திருந்து, நோயாளியைப் புரண்டு புரண்டு படுக்கச் சொல்வார்கள். பையின் சுவரே சிறிது காலம் இன்டர்ஃபெரான் சுரக்கும் இடமாகிவிடும். 98 பேரில் 51 சதவீதத்தினருக்கு நோய் முழுமையாக மறைந்தது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்கு அது ஓராண்டேனும் நிலைத்தது. பையையே அகற்றும் அறுவையைத் தள்ளிப்போட முடிகிறது என்பதால் இதை நான் சிறிய வெற்றி என்று சொல்லமாட்டேன்.

வைரஸைச் செலுத்தினால் வீட்டில் உள்ளவர்களுக்குப் பரவுமா?

கார்-டியில் அந்தப் பயம் வேண்டாம். நேரடி ஊசிகளில் சிறு எச்சரிக்கை உண்டு: டி-வெக் போட்ட இடத்தைக் கட்டுப்போட்டு மூடி வைக்க வேண்டும், சிறுநீர்ப்பை சிகிச்சைக்குப் பின் இரண்டு நாள் கழிப்பறையில் ப்ளீச் ஊற்றி வைத்துப் பிறகு தண்ணீர் விட வேண்டும்.

மாற்றப்பட்ட மரபணு என் பிள்ளைகளுக்குப் போகுமா?

போகாது. விந்தணுவையோ சினைமுட்டையையோ இந்தச் சிகிச்சைகள் மாற்றுவதில்லை. இருந்தாலும் சிகிச்சைக்குப் பின் குறிப்பிட்ட காலம் கருத்தரிப்பைத் தவிர்க்கச் சொல்வார்கள். கூடவே கொடுக்கும் கீமோவும் அதற்கு ஒரு காரணம்.

புகுத்திய மரபணுவே புதிய புற்றுநோயை உண்டாக்குமா?

நியாயமான பயம். பிறவி நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்கு பாரிஸில் மரபணு சிகிச்சை பெற்ற குழந்தைகள் சிலருக்கு, 2002 முதல், ரத்தப் புற்றுநோய் வந்தது. புகுந்த மரபணு தவறான இடத்தில் உட்கார்ந்து, தூங்கிக்கொண்டிருந்த புற்றுநோய் மரபணுவை எழுப்பிவிட்டது. அதன் பிறகு வைரஸ்களின் வடிவமைப்பே மாறியது. கார்-டி பெற்றவர்களிலும் டி செல் புற்றுநோய் சிலருக்கு வந்ததால், 2024-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை வாசகம் சேர்க்கச் சொன்னது. சிகிச்சை பெற்றோரின் எண்ணிக்கையோடு பார்த்தால் இது மிக அரிது. வேறு வழியில்லாத நோயாளிக்கு இந்த அபாயம் தள்ளுபடி செய்யத்தக்கதே. ஆனால் ஆயுள் முழுக்கப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

ரஷ்யா புற்றுநோய்த் தடுப்பூசி கண்டுபிடித்துவிட்டதாமே?

2024 டிசம்பரில் அப்படி ஓர் அறிவிப்பு வந்தது, வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றியது. அறிவிப்பு வந்தபோது மனிதர்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு எதுவும் அதனுடன் வரவில்லை. அது நோய் வராமல் தடுக்கும் ஊசியும் அல்ல, வந்தவருக்கான சிகிச்சை.

ஆனால் எம்ஆர்என்ஏ (எந்தப் புரதத்தைத் தயாரிப்பது என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு) ஊசி என்ற யோசனையைக் கேலி செய்ய வேண்டாம். நோயாளியின் கட்டியைப் படித்து, அதில் மட்டும் உள்ள அதிகபட்சம் 34 மாற்றங்களை ஓர் எம்ஆர்என்ஏவில் எழுதிச் செலுத்தும் மாடர்னாவின் ஊசி, பெம்ப்ரோலிசுமாபுடன் சேர்த்து, 157 மெலனோமா நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில் சோதிக்கப்பட்டது. அறுவைக்குப் பின் நோய் திரும்புவதோ மரணமோ நேரும் அபாயம், பெம்ப்ரோலிசுமாப் மட்டும் பெற்றவர்களைவிட 44 சதவீதம் குறைந்தது. எம்ஆர்என்ஏ நம் மரபணுவைத் தொடுவதில்லை, சில நாளில் சிதைந்துவிடும்.

இந்தியாவில் கிடைக்கிறதா? என்ன செலவு?

கிடைக்கிறது. ஐஐடி பம்பாயில் ராகுல் புர்வாரின் குழுவும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. மறு ஆண்டு ஏப்ரலில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு தொடங்கிவைத்தார். சில வகை பி செல் லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்), லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) திரும்பி வந்தவர்களுக்கு, 15 வயது முதல். 64 பேர் பங்கேற்ற ஆய்வில் 73 சதவீதத்தினருக்குப் பலன். சிகிச்சையோடு தொடர்புடைய மரணம் இரண்டு. 2025 தொடக்கத்தில் பெங்களூருவின் இம்யூனீல் நிறுவனம் லிம்போமாவுக்கு இரண்டாவது தயாரிப்பைக் கொண்டுவந்தது.

அமெரிக்காவில் முதல் கார்-டி 2017-இல் வந்தபோது அதன் விலை 4,75,000 டாலர், அன்றைய மதிப்பில் மூன்று கோடி ரூபாய். இங்கே அதில் ஏழில் ஒரு பங்கு, சுமார் 40 லட்சம். மருத்துவமனைச் செலவு தனி. மலிவுதான், ஆனால் யாருக்கு? தமிழக முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் வரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். எஞ்சியதை நகை, நிலம், நன்கொடை இணையதளம் என்றுதான் தேட வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் வேலூர் சிஎம்சி செய்தது கவனிக்கத்தக்கது. செல்களை வேறெங்கும் அனுப்பாமல் மருத்துவமனைக்குள்ளேயே தானியங்கி இயந்திரத்தில் ஒன்பது நாளளவில் தயாரித்து, உறைய வைக்காமல் பத்து நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவுடன் நடந்த ஆய்வு. 15 மாதம் கழித்துப் பார்த்தபோது ஏறத்தாழ 80 சதவீதத்தினர் நோயின்றி இருந்தனர். பத்துப் பேர் என்பது சிறிய எண். இருந்தாலும் விலை இறங்குவதற்கான நம்பத்தகுந்த வழி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு தனியார் மையம், எந்தப் புற்றுநோய்க்கும் ‘மரபணு இம்யூன் சிகிச்சை’ தருவதாகச் சொல்கிறது. போகலாமா?

‘எந்தப் புற்றுநோய்க்கும்’ என்ற சொல்லைக் கேட்டதுமே எழுந்து வந்துவிடுங்கள். மேலே பார்த்த ஒவ்வொரு சிகிச்சையும் ஒரு வகை நோய், ஒரு புரதம், ஒரு கட்டம் என்று குறுகியது.

‘ஆய்வு’ என்று சொன்னால் சிடிஆர்ஐ பதிவு எண் கேளுங்கள். அந்த அரசுப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பரிசோதனை மருந்துக்கு உங்களிடம் லட்சங்களில் பணம் கேட்பது ஆய்வாக இருக்காது. 2019-இன் விதிகளின்படி, ஆய்வில் பாதிப்பு ஏற்பட்டால் இலவச மருத்துவமும் இழப்பீடும் பெற உங்களுக்கு உரிமை உண்டு. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள்.

லிம்போமா திரும்பி வந்துவிட்டது. கார்-டி பற்றி எப்போது கேட்பது?

அடுத்த கீமோ தொடங்குவதற்கு முன்பு. பணம் சேர்ந்த பிறகு கேட்கலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் பெண்டமஸ்டின் போன்ற சில மருந்துகள் டி செல்களையே நலிவடையச் செய்யும். அதற்குப் பின் சேகரித்தால் நல்ல செல்கள் கிடைப்பது கடினம். பயாப்ஸி கண்ணாடித் தகடுகள், சிடி19 இருப்பதைக் காட்டும் அறிக்கை, இதுவரை கொடுத்த மருந்துகளின் பட்டியல், கடைசி பெட் ஸ்கேன் ஆகியவற்றுடன் ஒரு கார்-டி மையத்தில் இரண்டாம் கருத்து கேளுங்கள். இறுதியில் அவர்கள் வேண்டாம் என்றே சொல்லக்கூடும். அப்படிச் சொன்னாலும், பழைய மருத்துவர் எழுதிய அடுத்த கீமோவைத் தொடங்க ஒரு வாரம்தான் தாமதமாகியிருக்கும். அந்த ஒரு வாரம் உங்கள் நோயில் தாங்குமா என்பதையும் அவரிடமே முதலில் கேட்டுவிடுங்கள்.